இணைப்புத் தரவில் ஸ்வீடன், திறந்த அணுக்கத்தில் பிரேசில்: நூலகங்களுக்கு இடையே இந்த வேறுபாடு ஏன்?

நூலடுக்கு கேட்டது:

ஆய்வை யாரும் காசில்லாமல் படிக்கத் திறந்துவைப்பது திறந்த அணுக்கம்; அதற்கு 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை. ஆள், நூல், பொருள் ஒவ்வொன்றுக்கும் நிலையான வலை முகவரி கொடுத்து ஒன்றோடொன்று கோப்பது இணைப்புத் தரவு; அதற்கு 2006இல், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய நான்கு விதிகள். நூலகங்களை மாற்றிய இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை. ஆனால் ஒரே இடத்தில் வேர்விடவில்லை.

ஸ்வீடன், ஜெர்மனி, பின்லாந்து நூலகங்கள் இணைப்புத் தரவில் வெகுதூரம் போய்விட்டன. லத்தீன் அமெரிக்க இதழ்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. ஆனால் அங்குள்ள நூற்பட்டியல்களில் இணைப்புத் தரவு அதிகம் தென்படவில்லை. நூல் விவரத்தை இணைப்புத் தரவாக எழுதும் மாதிரியான பிப்ஃபிரேமை உருவாக்கிய அமெரிக்காவிலேயே பெரும்பாலான நூலகங்கள் இன்னும் மார்க் என்ற பழைய பதிவு வடிவில்தான் பட்டியலிடுகின்றன. இந்தியாவில் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. நூற்பட்டியலில் ஆசிரியர் பெயர் வெறும் எழுத்துச் சரமாகவே நிற்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு உண்மையான காரணம் என்ன? பணமா, மென்பொருளா, சட்டமா? இன்னொன்று: கோஹா என்ற நூலக மென்பொருளில் 80,000 மார்க் பதிவுகளும், டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் ஆய்வேடுகளுக்கான ஒரு களஞ்சியமும் வைத்திருக்கும் நடுத்தர நூலகம் இந்த அனுபவங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?

---

பெயர்க்கோப்பு எழுதியது:

முதல் பாதிக்கு என் பதில். பணத்தையும் மென்பொருளையும் வைத்து இதை விளக்க முடியாது. ஒரு ஆசிரியரின் பெயரை முடிவாக எழுதிவைக்கும் பொறுப்பு அந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இணைப்புத் தரவின் உலக வரைபடம் அதிலேயே வந்துவிடும்.

ஸ்வீடனில் லிப்ரிஸ் என்ற ஒரே கூட்டுப் பட்டியல் இருக்கிறது. தேசிய நூலகம் அதை நடத்துகிறது. பல்கலைக்கழக நூலகங்கள் நேராக அதற்குள்ளேயே பட்டியலிடுகின்றன. 2008இல் அந்தப் பட்டியலை இணைப்புத் தரவாக வெளியிட ஒரு நிறுவனம் முடிவெடுத்தாலே போதுமானதாக இருந்தது. 2018இல் அடித்தளத்தையே மாற்றி, பிப்ஃபிரேமை ஒட்டிய தரவு மாதிரியில் லிப்ரிஸ் எக்ஸ்எல் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாறியது மையம்தான். உள்ளூர் நூலக மென்பொருள்களுக்கு அங்கிருந்து மார்க் ஏற்றுமதி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ‘ஸ்வீடன் மார்க்கைக் கைவிட்டது’ என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை. அந்த ஏற்றுமதி இல்லையென்றால் மாற்றமே நடந்திருக்காது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே வட்டாரத்துக்கு ஒரு கூட்டுப் பட்டியல் உண்டு. ஆனால் பெயர்க் கோப்பு, அதாவது ஒவ்வொரு பெயரையும் ஒரே வடிவில் ஒரே எண்ணோடு வைத்திருக்கும் கோப்பு, ஒன்றுதான். நபர், நிறுவனம், பொருள் தலைப்பு என்று பிரிந்து கிடந்த கோப்புகளை 2012இல் ஒன்றாக்கி ஜிஎன்டி என்று ஆக்கினார்கள். ஆஸ்திரிய நூலகங்களும் ஜெர்மன் பேசும் சுவிஸ் நூலகங்களும் அதில் சேர்ந்து எழுதுகின்றன. தேசிய நூலகம் 2010 முதலே பெயர்த் தரவை இணைப்புத் தரவாகக் கொடுத்தது. பிறகு எந்த நிபந்தனையும் வைக்காத கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி0 உரிமத்தில் முழுக்கத் திறந்துவிட்டது. கொலோன் நகரின் ஹெச்பிஇசட் நடுவம் அதன்மேல் லோபிட் என்ற சேவையைக் கட்டியது. இணைப்புத் தரவுக்கான வினவல் மொழியான ஸ்பார்க்கல் தெரியாத நிரலர்கூட ஒரு முகவரியைத் தட்டி ஜேசன் என்ற எளிய தரவு வடிவில் பதில் வாங்கலாம். என் கணிப்பில், ஜிஎன்டி பரவியதற்கு ஸ்பார்க்கல் தளங்களைவிட இந்த எளிய வாசல்தான் பெரிய காரணம்.

பிரான்சின் தேசிய நூலகம் 2011இல் திறந்த டேட்டா-பிஎன்எஃப் தளம் வாசகரை நோக்கியது. ஒரு ஆசிரியருக்கு ஒரு பக்கம்; அதில் அச்சு நூல், கையெழுத்துப் படி, எண்மப் படி எல்லாம் ஒன்றாக. நூற்பட்டியலின் உள்ளே புதைந்திருந்ததைத் தேடுபொறிகள் கண்டுபிடிக்கும்படி வெளியே கொண்டுவந்தது.

பிரிட்டிஷ் நூலகமும் 2011இல் தன் தேசிய நூல்விவரத்தை இணைப்புத் தரவாக வெளியிட்டது. 2023 அக்டோபரில் நடந்த ரான்சம்வேர் தாக்குதலுக்குப் பிறகு, தேடுவதற்கு மட்டுமான பட்டியலே 2024 ஜனவரியில்தான் திரும்பியது. பிறர் சர்வரில் வாழும் அடையாள எண்களை நம்பி எதையாவது கட்டினால், பெயரையும் எண்ணையும் சேர்த்து உள்ளூரில் ஒரு படி வைத்திருக்க வேண்டும். எண்ணை மட்டும் வைத்திருந்தால், அந்தத் தளம் விழுந்த நாளில் உங்கள் பட்டியல் வாசகருக்கு வெறும் இலக்கங்களைத்தான் காட்டும்.

இனி அமெரிக்கா. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2009இல் தன் பொருள் தலைப்புகளுக்கு நிலையான முகவரிகள் கொடுத்தது; பெயர்களுக்குப் பிறகு கொடுத்தது. 2012இல் பிப்ஃபிரேம் வரைவு வந்தது, 2016இல் இரண்டாம் பதிப்பு. ஆனால் மற்ற நூலகங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பதிவுப் பகிர்வு ஓசிஎல்சி என்ற கூட்டுறவின் வழியே நடக்கிறது. ஆயிரக்கணக்கான நூலகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விற்பனையாளரின் மென்பொருள். திருப்புவதற்கு ஒற்றை விசை எங்கேயும் இல்லை. காங்கிரஸ் நூலகமே பிப்ஃபிரேமை நேராகக் கையாளும் அமைப்புக்காக ஃபோலியோ என்ற நூலக மென்பொருளைத் தேர்ந்து ஒப்பந்தம் போட்டது 2022இல்தான்.

ஆசியாவிலும் இதே விதி பொருந்துகிறது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் ஒன்றே பொது நூலகங்கள், தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம் மூன்றையும் நடத்துகிறது. அதனால் மூன்றின் தரவையும் பிப்ஃபிரேம் சொற்களிலும், தேடுபொறிகளுக்குப் புரியும் ஸ்கீமா சொற்களிலும் இணைக்கும் அமைப்பை அதனால் கட்ட முடிந்தது. இந்தியாவில் கொல்கத்தா மத்திய மேற்கோள் நூலகம் 1950களின் இறுதியிலிருந்து தேசிய நூல்விவரத்தை வெளியிடுகிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் நடுவம் அவற்றின் கூட்டுப் பட்டியலை வைத்திருக்கிறது. ஜிஎன்டி போல எல்லா நூலகங்களும் சேர்ந்து எழுதும் ஒரே பெயர்க் கோப்பு மட்டும் இல்லை. அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாக பிப்ஃபிரேமுக்கு மாறினால், ஒரே எழுத்தாளருக்கு ஆயிரம் முகவரிகள் பிறக்கும்.

---

திறந்தவாசல் எழுதியது:

திறந்த அணுக்கத்தின் வரைபடத்தைப் படிக்க வேறு கேள்வி வேண்டும்: இதழ் யாருடையது, அதன் செலவை யார் ஏற்கிறார்?

லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலான ஆய்விதழ்கள் பல்கலைக்கழகத்தினுடையவை. ஆசிரியர் குழுவின் சம்பளம், சர்வர், பக்கமாக்கம் எல்லாம் பொதுப் பணம். சந்தாவில் பெரிய வருமானம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஆகவே திறந்துவிட்டபோது யாருக்கும் இழப்பில்லை. 1997இல் சாவோ பாவ்லோவில் ஃபாபெஸ்ப் நிதி நிறுவனமும் பிரேமே நடுவமும் சேர்ந்து ஸியெலோ என்ற திறந்த இதழ்த் தளத்தைத் தொடங்கின. புடாபெஸ்ட் அறிக்கைக்கு ஐந்து ஆண்டு முன்பே! பிறகு மெக்சிகோவிலிருந்து அதே போன்ற ரெடாலிக். களஞ்சியங்களை இணைக்க லா ரெஃபெரென்சியா. பெருவும் அர்ஜென்டினாவும் 2013இல் களஞ்சியச் சட்டமே இயற்றின. எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு வாங்காத இந்த முறையை இப்போது ‘வைர வழி’ என்கிறார்கள். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அங்கே அதுதான் நடைமுறை.

ஐரோப்பாவில் இதழ்கள் வணிகப் பதிப்பகங்களின் கையில். அங்கே திறப்பதென்றால் விலை பேச வேண்டும். தாங்கள் நிதி தரும் ஆய்வைத் திறந்தே வெளியிட வேண்டும் என்று 2018 செப்டம்பரில் அறிவித்த பிளான் எஸ், ஆய்வு நிதியாளர்களின் பேரம். ஜெர்மனி பெரிய பதிப்பகங்களோடு போட்ட டீல் ஒப்பந்தங்கள் நூலகங்களின் பேரம். வைலி, ஸ்பிரிங்கர் நேச்சர் ஒப்பந்தங்களில் கலப்பு இதழில் (சந்தாக் கட்டுரையும் திறந்த கட்டுரையும் சேர்ந்து வருவது) கட்டுரை ஒன்றுக்குத் தொடக்கத்தில் 2,750 யூரோ என்று கணக்கிட்டார்கள். எல்சேவியருடன் உடன்பாடு வர 2023 ஆனது. ஸ்வீடன் 2018இல் எல்சேவியர் சந்தாவை நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டு உடன்பாட்டுக்கு வந்தது. இதில் நூலகத்தின் வேலையே மாறிவிட்டது. சந்தாப் பட்டியல் பார்த்தவர்கள், கட்டுரையின் தொடர்பாசிரியர் எந்த நிறுவனத்தவர், அவர் கட்டுரை ஒப்பந்தத்துக்குள் வருமா என்று தினமும் சரிபார்க்கிறார்கள். நிறுவனப் பெயரை இருபது விதமாக எழுதும் பல்கலைக்கழகத்துக்கு இங்கே நேரடியாகப் பண இழப்பு. நிறுவனங்களுக்கான ஆர்ஓஆர் அடையாள எண்ணை ஐரோப்பிய நூலகங்கள் ஆர்வமாகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஜப்பான் மூன்றாவது வழி. தேசியத் தகவலியல் நிறுவனம் ஜெய்ரோ கிளவுட் என்ற பொது மேடையை நடத்துகிறது. சிறு கல்லூரிகூட சர்வர் இல்லாமல் களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம். 2025 நிதியாண்டு முதல் அறிவிக்கும் போட்டி நிதிகளில் வரும் கட்டுரைகளை உடனே திறக்க வேண்டும் என்ற கொள்கையை அந்த அடித்தளத்தை நம்பித்தான் வகுத்தார்கள்.

ஆப்பிரிக்க இதழ்களுக்கு 1998இல் தொடங்கிய ஏஜேஓஎல் முக்கியமான வாசல். கட்டணம் கேட்கும் இதழ்களில் எழுதுபவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பார்கள். நுணுக்கத்தைப் படித்துப் பாருங்கள். பதிப்பகங்கள் பெரும்பாலும் குறைந்த வருவாய் நாடுகளுக்கான ரிசர்ச்4லைஃப் பட்டியலை அளவுகோலாக வைக்கின்றன: முதல் குழு நாடுகளுக்கு முழு விலக்கு, இரண்டாம் குழுவுக்குப் பாதி அல்லது அதை ஒட்டிய தள்ளுபடி. அதுவும் முழுத் திறந்த இதழ்களுக்கு. கலப்பு இதழ்களுக்குப் பொதுவாகக் கிடையாது. இந்தியா இரண்டு குழுவிலும் இல்லை. இதைத் தெரியாமல், ஏற்புக் கடிதம் வந்த பிறகு விலக்குக் கேட்டுக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் பலர். இதை முன்கூட்டியே சொல்லவேண்டிய இடம் நூலகம்.

இந்தியாவில் வழி ஆய்வேட்டிலிருந்து திறந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி, ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கச் சொன்னது. ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியம் அதன் விளைவு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். இது வாசிப்பு உரிமம். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குள் இருப்பவர் படிக்கலாம். வெளியே இருப்பவருக்குக் கதவு மூடியதுதான். இதன் பெயரால் களஞ்சியங்களுக்கான பணமும் ஆளும் குறைந்தால் பெரிய நட்டம்.

---

நூலடுக்கு:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பெயர்க் கோப்பு இல்லாத நாட்டில், அந்த 80,000 பதிவு நூலகம் பிப்ஃபிரேமைத் தொடவே வேண்டாமா? சரியான வரிசையில் என்ன செய்வது?

---

மார்க்245 எழுதியது:

தொட வேண்டாம். சோதனைக்கு மாற்றிப் பார்க்கலாம், தவறில்லை. காங்கிரஸ் நூலகத்தின் மார்க்2பிப்ஃபிரேம்2 மாற்றி இலவசம், எக்ஸ்எம்எல் வடிவத்தை மாற்றும் ஒரு எக்ஸ்எஸ்எல்டி கோப்புத் தொகுப்புதான். மார்க் எக்ஸ்எம்எல்லில் ஏற்றுமதி செய்து, அடிப்படை முகவரியைக் கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு பதிவும் ‘படைப்பு’, ‘பதிப்புரு’ என்று பிரிந்து வரும். அதில் முதலில் உடைவது 001 புலம், அதாவது பதிவின் கட்டுப்பாட்டு எண். மாற்றி அதை வைத்துத்தான் முகவரி செய்கிறது. வேறு வேறு நூலகங்களிலிருந்து நகலெடுத்த பதிவுகளில் 001 காலியாக இருக்கும், அல்லது இரண்டு பதிவுகளில் ஒரே எண் இருக்கும். இரண்டு நூல்கள் ஒரே முகவரியில் விழுந்து கலந்துவிடும். கோஹாவின் உள் எண் 999 புலத்தின் $c துணைப்புலத்தில் இருக்கிறது. 001 தானாக நிரம்ப ‘ஆட்டோகண்ட்ரோல்நம்பர்’ என்ற அமைப்பை இயக்கலாம். பழைய பதிவுகளுக்கு மட்டும் ஒருமுறை மொத்தமாக நிரப்ப வேண்டும்.

ஆனால் பயன் தரும் வேலை வேறு. மார்க்கில் இருந்துகொண்டே அடையாள எண்களைச் சேர்ப்பது.

பெயர்களில் தொடங்குங்கள். 100 (ஆசிரியர்), 700 (துணை ஆசிரியர்), 600 (நூல் பேசும் ஆள்) புலங்களை மட்டும் பிரித்தெடுத்து, தரவைச் சீர்செய்யும் ஓப்பன்ரிஃபைன் கருவியில் ஏற்றுங்கள். பதிவு 80,000 இருந்தாலும் தனிப்பெயர்கள் அதைவிடக் குறைவாகத்தான் வரும். எத்தனை நூல்களில் வருகிறது என்ற வரிசையில் அடுக்கி, அதிகம் வருபவர்களை முதலில் முடியுங்கள். மூன்று நூலுக்கு மேல் உள்ளவர்களை முடித்தாலே பட்டியலின் கணிசமான பகுதி சேர்ந்துவிடும். விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவுடன் பொருத்தும்போது வகையை ‘மனிதர்’ என்று கட்டுப்படுத்தி, பிறந்த ஆண்டு 100 $d-யில் இருந்தால் அதையும் துணைப் பண்பாகக் கொடுங்கள். ‘சிறந்த பொருத்தத்தைத் தானாக ஏற்றுக்கொள்’ என்ற வசதியை நம்பாதீர்கள். பெயர் முழுக்க ஒத்துப்போகும், ஆள் வேறு. கவிஞருக்குப் பதில் கால்பந்து வீரர் வந்து உட்காருவார். எழுதிய நூல் ஒன்றையாவது ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

பொருந்திய வரிசையிலிருந்து மற்ற எண்களையும் இழுக்கலாம்: விக்கித்தரவில் பி214 வயாஃப், பி244 காங்கிரஸ் நூலகம், பி227 ஜிஎன்டி, பி213 ஐஎஸ்என்ஐ. நீண்ட காலத்துக்கு வயாஃப் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது பல கோப்புகளைக் கணினி கொத்தாகச் சேர்த்துத் தரும் எண். கொத்துகள் பிரியும், சேரும், எண் மாறும். மூலக் கோப்பின் எண்ணே உறுதியானது.

எங்கே எழுதுவது? பலர் நேராக நூல் பதிவின் $0, $1 துணைப்புலங்களில் எழுதிவிடுகிறார்கள். $0 என்பது அதாரிட்டிப் பதிவின், அதாவது பெயர்க் கோப்பில் அந்தப் பெயருக்குள்ள பதிவின், முகவரி. $1 என்பது அந்த ஆளையே குறிக்கும் முகவரி. விக்கித்தரவு முகவரி $1-இல்தான் வரும், அதுவும் நடுவில் ‘எண்டிட்டி’ என்று இருக்கும் வடிவம். உலாவியில் தெரியும் ‘விக்கி’ வடிவத்தை நகலெடுத்து ஒட்டினால் அது ஒரு வலைப்பக்கத்தைக் குறிக்கும், ஆளை அல்ல.

கோஹாவில் இதற்கு இரண்டு கண்ணிகள் உண்டு. உங்கள் பட்டியல் சட்டகத்தில் $0, $1 துணைப்புலங்களை இயக்கி வைக்காவிட்டால், யாராவது அந்தப் பதிவைத் திறந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்ததும் எண் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. இரண்டாவது, ‘அதாரிட்டி மெர்ஜ் மோட்’ கண்டிப்பு நிலையில் இருந்தால், அதாரிட்டிப் பதிவைத் திருத்தும்போது அதில் இல்லாத துணைப்புலங்கள் நூல் பதிவிலிருந்து அழிக்கப்படும்.

ஆகவே அதாரிட்டிப் பதிவின் 024 புலத்தில் எழுதுங்கள். முதல் குறியீடு 7, $a-யில் எண், $2-இல் அது எந்தக் கோப்பு என்ற குறி. ஒரு ஆசிரியருக்கு நூறு நூல் இருந்தாலும் எண் ஒரே இடத்தில் இருக்கும். பிழை தெரிந்தால் ஒரே இடத்தில் திருத்தம். நூல் பதிவுகளை அதாரிட்டியுடன் இணைக்கும் கோஹா நிரலை முதலில் சோதனை முறையில் ஓட்டி, எத்தனை தலைப்பு பொருந்தவில்லை என்ற அறிக்கையைப் படித்த பிறகே உண்மையாக ஓட்டுங்கள்.

பொருள் தலைப்புகளில் ஒரு முட்டுக்கட்டை வரும். ‘இந்தியா, வரலாறு, 20ஆம் நூற்றாண்டு’ என்று கோத்து எழுதிய காங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் பலவற்றுக்கு முழுச் சரமாக அதாரிட்டிப் பதிவே கிடையாது. பதிவில்லை என்றால் முகவரியும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி அங்கே தோற்கும். அந்தத் தலைப்புகளிலிருந்து எளிமையாக்கி உருவாக்கிய ஃபாஸ்ட் முறை இடம், காலம், பொருள் என்று துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் வைத்திருக்கிறது. பொருள் தலைப்புக்கான 650 புலத்தில் இரண்டாம் குறியீடு 7 போட்டு ஃபாஸ்ட் தலைப்பைக் கூடுதலாகச் சேர்ப்பது, பழையதைப் பிரிக்க முயல்வதைவிட எளிது.

ஸ்பார்க்கல் தளம் சொந்தமாக நடத்தாதீர்கள். நினைவகத்தை விழுங்கும் ஒரே ஒரு மோசமான வினவல் சர்வரைப் படுக்க வைத்துவிடும். எழுப்ப ஆள் வேண்டும். எண்கள் சேர்ந்த மார்க் கோப்பை மாதம் ஒருமுறை பதிவிறக்கத்துக்கு வைத்தால் போதும்.

---

களஞ்சியம் எழுதியது:

மார்க்245 சொன்ன வேலைமுறை சரி, வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் டிஸ்பேஸைச் சரிசெய்யுங்கள். நூற்பட்டியலில் உள்ள நூல் வேறு நூலகங்களிலும் இருக்கும். யாரோ ஒருவர் அந்த ஆசிரியருக்கு எண் கொடுத்திருப்பார். களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடு உலகில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

பார்க்கவேண்டிய முதல் இடம் ஹேண்டில் முகவரி, அதாவது களஞ்சியம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் நிலையான முகவரி. அதில் 123456789 என்று முன்னொட்டு இருந்தால், அது டிஸ்பேஸ் நிறுவும்போது தரும் மாதிரி எண். பதிவு செய்யப்பட்டதல்ல, உலகில் எந்த ஹேண்டில் சர்வரும் அதைத் திறக்காது. ஆய்வாளர் அதை மேற்கோளில் போட்டால் செத்த இணைப்பு. பல நாடுகளில் பல களஞ்சியங்கள் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடுகின்றன. ஆண்டுக்குச் சிறு கட்டணம் கட்டி முன்னொட்டு வாங்கி, டிஸ்பேஸோடு வரும் முன்னொட்டு மாற்றும் கட்டளையை ஓட்ட வேண்டும். தரவுத்தளத்தை முதலில் காப்பெடுங்கள். ஹேண்டில் சர்வருக்கு 2641, 8000 வாயில்கள் (போர்ட்) வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் தீச்சுவர் அவற்றை அடைத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு திறக்காது.

அடுத்து அறுவடை, அதாவது திரட்டித் தளங்கள் உங்கள் மீதரவை (பதிவு விவரங்களை) எடுத்துச் செல்வது. டிஸ்பேஸ் 6இலிருந்து 7க்கோ அதற்கு மேலோ போனால் அறுவடைக்கான ஓஏஐ முகவரியின் நடுவில் ‘சர்வர்’ என்ற பகுதி கூடுதலாக வரும். பழைய முகவரியைப் பதிந்துவைத்த திரட்டிகள் எதையும் எடுக்காமல் அமைதியாக நின்றுவிடும். மேம்படுத்திய அன்றே திருப்பிவிடும் விதியைச் சர்வரில் எழுதி, கோர், பேஸ் போன்ற திரட்டிகளுக்கும் புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

மூன்றாவது உரிமம். ‘திறந்தது’ என்று கோப்பு தரவிறங்குவதை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. உரிமைப் புலத்தில் சிசி உரிமத்தின் முழு முகவரியும், அணுக்க நிலைக்கு, களஞ்சியங்களின் கூட்டமைப்பான கோவார் தரும் சொற்தொகுதியின் நான்கில் ஒன்றும் இருக்க வேண்டும்: திறந்தது, தடைக்காலத்தில் உள்ளது, கட்டுப்பட்டது, மீதரவு மட்டும். தடைக்காலம் என்றால் முடியும் தேதி ஆண்டு-மாதம்-நாள் வடிவில். ‘2 வருடம்’ என்று எழுதினால் எந்த இயந்திரத்துக்கும் புரியாது. அதே நூல் கோஹாவிலும் இருந்தால் இணைய முகவரிக்கான 856 புலத்தில் $7-இல் 0 போடுங்கள், திறந்த அணுக்கம் என்று பொருள். 1 என்றால் கட்டுப்பட்டது. உரிமத்தை 540இல் எழுதுங்கள்.

நிறுவனம் இதழும் நடத்துகிறதென்றால், இதழ் வெளியீட்டு மென்பொருளான ஓஜேஎஸ் நிறுவுவதோடு நிற்காதீர்கள். திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இந்தோனேசியா முன்வரிசையில் நிற்பதை எல்லோரும் மென்பொருளின் வெற்றி என்று படிக்கிறார்கள். ஓஜேஎஸ் எல்லோருக்கும் இலவசம்தான்; அந்தப் பட்டியலின் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்கள்தான் உள்ளே போகிறார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரை, கட்டுரைக்குத் தனி முகவரி, ஐஎஸ்எஸ்என், உரிமமும் மதிப்பாய்வு முறையும் தளத்தில் வெளிப்படையாக. முழு இதழையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகப் போடும் பழக்கம்தான் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும். கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டிஓஐ பெறும் கட்டணம் தடையென்றால், மிகக் குறைந்த வருவாய் நாடுகளுக்கு, அந்த எண்ணைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் 2023 முதல் கட்டணமில்லா உறுப்பினர் திட்டம் வைத்திருக்கிறது. மற்ற நாட்டவர் ஒரு புரவலர் அமைப்பின் வழியே சேர்வது மலிவு.

---

பெயர்க்கோப்பு:

களஞ்சியம் சொன்ன வரிசையை ஏற்கிறேன். தமிழ்ப் பெயர்களைப் பொருத்துபவர்களுக்கு மட்டும் சில கூடுதல் குறிப்புகள். இவை எந்தக் கையேட்டிலும் சேர்ந்து கிடைப்பதில்லை.

காங்கிரஸ் நூலகத்தின் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் ற, ன, ழ மூன்றுக்கும் எழுத்தின் கீழே கோடு வரும். அந்தக் கோடு தனிக் குறியாகச் சேர்ந்தும் இருக்கலாம், எழுத்தோடு ஒன்றிய ஒரே குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பொருத்துவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோடு இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ் எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இரண்டு குறியாகவோ, ஒரே குறியாகவோ சேமிக்கப்பட்டிருக்கும். என்எஃப்சி இதைச் சரிசெய்யும். ‘கௌ’ என்பதை ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்துமாகத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது. அது எழுத்துப்பிழை, தேடித் திருத்த வேண்டும்.

முதலெழுத்து முன்னால் வரும் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. சில பதிவுகளில் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து காற்புள்ளி போட்டு முதலெழுத்தைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். சில பதிவுகளில் அப்படியே இருக்கும். 100 புலத்தின் முதல் குறியீடும் சிலவற்றில் 0, சிலவற்றில் 1. பொருத்தும் முன் இரண்டு வடிவத்தையும் தனித்தனி நெடுவரிசையில் உருவாக்கி இரண்டையும் ஓட்டுங்கள். புனைபெயரில் எழுதியவர்களுக்கு விக்கித்தரவின் மாற்றுப்பெயர்ப் பட்டியல் மிகவும் உதவும். ஆள் அங்கே இல்லையென்றால் சான்றோடு ஒரு உருப்படியை உருவாக்குங்கள். பெயர்க் கோப்பு இல்லாத நாட்டில் இப்போதைக்கு எல்லோரும் சேர்ந்து எழுதக்கூடிய இடம் அது.

மூல எழுத்தை 880 புலத்தில் வைத்திருந்தால், $6 எண்கள் இரு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ரோமன் 100இல் 880-01 என்றிருந்தால் 880இல் 100-01 இருக்க வேண்டும். நகலெடுத்த பதிவில் ஒரு புலத்தை அழித்துவிட்டு இணையை மறந்திருந்தால், தமிழ்த் தலைப்பு வேறொருவரின் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

---

நூலடுக்கு:

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: இப்படிச் சேர்த்த மீதரவை எந்த உரிமத்தில் வெளியிடலாம்? நகலெடுத்த பதிவுகளும் கலந்திருக்கின்றனவே.

---

மார்க்245:

சிசி0. ஐரோப்பியப் பண்பாட்டுத் தளமான யூரோப்பியானா 2012இல் மீதரவு முழுவதையும் சிசி0-க்கு மாற்றியதற்குக் காரணம் நடைமுறைதான்: பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தில் பல நூறு நிறுவனங்களின் தரவு கலந்தால், ஒவ்வொரு வரிக்கும் யாருக்கு நன்றி சொல்வது என்பதிலேயே வேலை நின்றுவிடும். டிஓஏஜே தன் கட்டுரை மீதரவையும், ஆய்வு வெளியீடுகளின் திறந்த தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸ் தன் தரவையும் அப்படித்தான் தருகின்றன. ஃபாஸ்ட் தலைப்புகளுக்கு மட்டும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். கோப்போடு ஒரு வரி சேர்த்தால் போதும்.

நகலெடுத்த பதிவுகளை, பதிவை உருவாக்கிய நூலகத்தைச் சொல்லும் 040 புலத்தை வைத்துப் பிரியுங்கள். $a உங்கள் நூலகக் குறியாக இருப்பவை முதல் தொகுதி. அவற்றை உடனே வெளியிடலாம். மற்றவற்றுக்கு அந்தப் பதிவைத் தந்த சேவையின் ஒப்பந்தத்தில் மறுவெளியீட்டு விதியைப் படியுங்கள். சுருக்கம், அட்டைப்படம், உள்ளடக்கக் குறிப்பு ஆகியவை வாங்கிய சேவையிலிருந்து வந்திருந்தால் 505, 520 புலங்களையும் அட்டைப்பட இணைப்புகளையும் ஏற்றுமதியில் நீக்கிவிடுங்கள். நூல் இருப்புப் புலமான 952-ஐயும் நீக்குங்கள். வாங்கிய விலையும் உள் குறிப்புகளும் அதற்குள் இருக்கின்றன.

---

களஞ்சியம்:

541 புலத்தையும் பாருங்கள். நன்கொடையாளர் பெயரும் முகவரியும் அங்கே எழுதியிருக்க வாய்ப்புண்டு. ஏற்றுமதிக்கு முன் முழுப் புலத்தையும் நீக்கும் விதியை மார்க் கோப்புகளைத் திருத்தும் மார்க்எடிட் மென்பொருளில் சேமித்து வைத்தால் ஒவ்வொரு மாதமும் அதையே ஓட்டலாம்.